பதினொரு கிலோ மோட்டாரும் அரைக் கிலோ கதவும்: ஒரு தானியங்கிக் கோழிக்கூட்டுக் கதவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. அங்கே பதினான்கு நாட்டுக்கோழிகளும் இரண்டு சேவல்களும் இருந்தன. அவை பகல் முழுக்க மேய்ந்துவிட்டு இருட்டும் நேரத்தில் தாமாகவே கூட்டுக்குள் வந்து அடையும். அதன்பின் கதவைச் சாத்துவதும் விடிந்ததும் திறந்துவிடுவதும்தான் மனிதருக்கு உள்ள வேலை. தோப்புக்காரர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் டவுனில் தங்க வேண்டியிருந்தது. மரநாய் நடமாடும் இடம் என்பதால் ஒரு இரவு கதவு திறந்து கிடந்தாலும் இழப்புதான்.

அவருடைய அக்கா மகன் கல்லூரி மாணவர், ஓய்வு நேரத்தில் மைக்ரோகண்ட்ரோலர் (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சிறு கணினிச் சிப்) வைத்துச் சிறு கருவிகள் செய்பவர். மேலும் கீழும் வழுக்கும் கதவு ஒன்றை மோட்டாரால் இயக்கலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். கூட்டில் ஏற்கெனவே 6 மி.மீ. பிளைவுட் கதவு இருந்தது. அகலம் 28 செ.மீ., உயரம் 30 செ.மீ., எடை 330 கிராம். இருபுறமும் மரத்தில் வெட்டிய காடியில் அது ஏறி இறங்கும். வீட்டிலிருந்து கூடு எட்டு மீட்டர் தள்ளி இருந்தது.

முதல் அமைப்பு: செர்வோ

கடையில் எம்ஜி995 என்று கேட்டால் கிடைக்கும் வகை செர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) ஒன்றை 380 ரூபாய்க்கு வாங்கினார்கள். உலோகப் பல்சக்கரம், எடை 55 கிராம். விவரத்தாளில் 6 வோல்ட்டுக்கு "11 கிலோ" என்று போட்டிருந்தது. "பதினொரு கிலோ தூக்கும்னு போட்டிருக்கே மாப்ள, அரைக் கிலோ கதவைத் தூக்காதா?" என்று தோப்புக்காரர் கேட்டார். இந்த நிகழ்வில் பிறகு நடந்ததில் பாதி இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

அந்த 11 கிலோ, கிலோ அல்ல. அது கிலோ-செ.மீ. அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 11 கிலோ, 10 செ.மீ. தூரத்தில் 1.1 கிலோ. அதுவும் மோட்டார் சுற்ற முடியாமல் முடங்கி நிற்கும் கட்டத்தில் உள்ள அளவு. முடங்கும் அளவு என்பது மோட்டார் செய்யும் வேலையின் அளவு அல்ல, அது தோற்கும் இடத்தின் அளவு. நாள்தோறும் ஓட வேண்டிய சுமை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கால் பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

இந்தச் செர்வோ சுமார் 180 பாகைதான் திரும்பும். கதவு 28 செ.மீ. ஏற வேண்டுமென்றால் 14 செ.மீ. நீளக் கை தேவை. கையின் முனையிலிருந்து நைலான் நூல் ஒரு வளையம் வழியாகக் கதவுக்குப் போனது. காய்ந்த காடியில் கதவை இழுக்க 450 கிராம் விசை போதும். கை கிடையாக நிற்கும் பாதிவழியில்தான் சுமை உச்சம்: 0.45 × 14 = 6.3 கிலோ-செ.மீ. விவரத்தாளின் 11 கிலோ-செ.மீ. 6 வோல்ட்டுக்கு உரியது. 4.8 வோல்ட்டில் அது 9.4. கேபிளில் இழந்ததுபோக செர்வோவுக்குக் கிடைத்ததோ 4.4 வோல்ட்தான். ஆக, வெயில் நாளிலேயே அது தன் எல்லையில் முக்கால் பங்கில் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பத்து நாள் ஒரு குறையும் தெரியவில்லை.

கவனித்தவை: 11ஆம் நாள் காலை

இரவில் மழை. காலை ஆறேகாலுக்குக் கதவு திறக்கவில்லை. ஒன்பது மணிக்கு ஆள் போய்ப் பார்த்தபோது செர்வோ தொட முடியாத சூட்டில் இருந்தது, சுட்ட வார்னிஷ் வாடை அடித்தது. கோழிகள் உள்ளேயே இருந்ததால் இழப்பு இல்லை.

பிளைவுட் ஈரத்தில் ஊதிக் காடியில் இறுகியிருந்தது. செர்வோ இழுத்தது, கதவு அசையவில்லை. செர்வோவுக்குள் இருக்கும் சுற்று, சொன்ன கோணம் வரும்வரை விடாமல் முயலும். முடங்கிய நிலையில் அது 2.2 ஆம்பியர் இழுத்தது. வீட்டுக்குள் இருந்த 5 வோல்ட் அடாப்டரிலிருந்து எட்டு மீட்டருக்கு 0.5 சதுர மி.மீ. வயர் போட்டிருந்தார்கள். போக வரச் சேர்த்து 16 மீட்டர், மின்தடை 0.62 ஓம். அதில் 1.36 வோல்ட் போய்விட, முனையில் மல்டிமீட்டர் காட்டியது 3.6 வோல்ட். அதே முனையில்தான் செர்வோவுக்குக் கட்டளையிடும் இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டும் இருந்தது. சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுக்கும் அதன் ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 1 வோல்ட்டாவது கூடுதலாக வேண்டும். அது கிடைக்காததால் சிப் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. எழுந்ததும் முதல் கட்டளை "கதவைத் திற". மறுபடி முடக்கம், மறுபடி மறுதொடக்கம். இரண்டே முக்கால் மணி நேரம் இந்தச் சுழற்சி ஓடியிருக்கிறது. முடங்கிய மோட்டாருக்குள் போகும் மின்சாரம் முழுக்க வெப்பமாகும். 3.6 வோல்ட், 2.2 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 8 வாட். 55 கிராம் எடையுள்ள மூடிய பெட்டிக்கு அது அதிகம்.

அன்று எடுத்த முடிவு

"மோட்டார் டூப்ளிகேட்" என்று முடிவு கட்டி அதே வகையில் இன்னொன்று வாங்கிப் போட்டார்கள், காடியில் மெழுகுவர்த்தி தேய்த்தார்கள். டூப்ளிகேட்டாக இருந்திருக்கலாம், இந்த வகையில் அது அபூர்வம் அல்ல. ஆனால் அசலாக இருந்தாலும் இதே முடிவுதான். இரண்டாவது செர்வோ அடுத்த மழையில், 19ஆம் நாள் போனது.

மோட்டார் எரிந்தால் மோட்டாரை மாற்றுவது இயல்பாகக் கை போகும் வேலை. எரிந்ததற்கான காரணம் மோட்டாருக்கு வெளியே இருக்கும்போது, மாற்றும் ஒவ்வொரு மோட்டாரும் ஒரு ஃபியூஸ் போலத்தான்.

இரண்டாம் அமைப்பு: கியர் மோட்டாரும் கயிறும்

இம்முறை 12 வோல்ட், நிமிடத்துக்கு 30 சுற்று ஓடும் கியர் மோட்டார், விலை 650 ரூபாய். முடங்கும் அளவு 10 கிலோ-செ.மீ. அச்சில் 25 மி.மீ. விட்டமுள்ள உருளை, அதில் நூல். உருளை ஒரு சுற்றுக்கு 7.85 செ.மீ. இழுக்கும். 26 செ.மீ. ஏற்ற மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேல், ஏழு வினாடிக்குள் வேலை முடியும். மின்சாரத்துக்குக் கூட்டருகிலேயே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, யூபிஎஸ்ஸில் போடும் வகை. கதவு முனைக்கு வந்துவிட்டதை அறிய மேலே ஒரு மைக்ரோ சுவிட்ச், கீழே ஒன்று. மோட்டாரை இயக்க எல்298என் போர்டு.

மோட்டார் என்ற அளவில் இது சரியான தேர்வு. நனைந்து இறுகிய கதவுக்கு 1.6 கிலோ விசை தேவைப்பட்டாலும், உருளையின் ஆரம் 1.25 செ.மீ. என்பதால் சுமை 2 கிலோ-செ.மீ.தான். எல்லையில் ஐந்தில் ஒரு பங்கு. எல்298என் தன் பங்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கியபோதும் இழுவைக்குக் குறைவில்லை. கேபிள் சிக்கலும் தீர்ந்தது. இரண்டு வாரம், நடுவில் இரண்டு மழை, ஓடியது. இதே கதவு, இதே காடி என்பது மட்டும் மாறவில்லை.

கவனித்தவை: 34ஆம் நாள் இரவு

மறுநாள் காலை கதவு முழுக்கத் திறந்திருந்தது. இரண்டு கோழிகளைக் காணோம், இறகும் ரத்தமும் வேலியோரம் வரை. எல்298என் போர்டு கொதித்துக்கொண்டிருந்தது, பேட்டரி 11.2 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. மோட்டார் மட்டும் நன்றாக இருந்தது. அந்தச் சிப்பில் சூடு மிஞ்சினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு உண்டு. இரவு முழுக்க அது அணைந்து எழுந்து கொண்டிருந்ததால்தான் மோட்டார் பிழைத்தது.

துப்பு கொடுத்தது உருளை. நூல் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சுற்றியிருந்தது.

நடந்தது இதுதான். மாலையில் தூறல். கதவு பாதி இறங்கிக் காடியில் சிக்கியது. இறங்கும்போது கதவைத் தள்ள எதுவும் இல்லை, அதன் எடை 330 கிராம்தான் துணை. கயிறு இழுக்கும், தள்ளாது. கதவு நின்றபின் நூல் தொய்ந்தது, உருளை தொடர்ந்து சுற்றியது. கீழே இருந்த சுவிட்சைக் கதவு தொடவே இல்லை என்பதால் "இறக்கு" என்ற கட்டளை முடியவில்லை. நூல் முழுக்க அவிழ்ந்தபின் அதே திசையிலேயே மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கியது. இப்போது "இறக்கு" என்பது ஏற்றுவதாகிவிட்டது. கதவு மேலே போய் மேல் சுவிட்சை அழுத்தியது. ஆனால் புரோகிராம் மேல் சுவிட்சைத் திறக்கும்போது மட்டுமே பார்க்கும். மோட்டார் நிற்கவில்லை.

மூன்று பிழைகள் ஒரே இரவில் கூடின. எந்தக் கட்டளைக்கும் நேர வரம்பு இல்லை. சுவிட்சுகள் மோட்டாரின் மின்சாரத்தை நேரடியாக வெட்டாமல் புரோகிராமை நம்பி இருந்தன. கயிறு ஒரு திசைக்கு மட்டுமே பயன்படும் பொருள். மூன்றாவதுதான் அடிப்படை. இந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தாலும், சாத்திய கதவை வெளியிலிருந்து மரநாய் மூக்கால் நெம்பித் தூக்கினால் தடுக்க அந்தக் கயிற்றால் ஆகாது.

நிறுத்தி, அளந்தது

அடுத்த பத்து நாள் கதவைக் கையால் சாத்தினார்கள். அந்த நாட்களில் முதன்முறையாக அளவெடுத்தார்கள். கருவி எளிது: பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு. கதவின் மேல் விளிம்பில் மாட்டி மெல்ல இழுத்து, அசையத் தொடங்கும் கணத்தில் காட்டும் உச்ச அளவைக் குறித்தார்கள். காய்ந்த நிலையில், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து, தேங்காய்நார்க் கழிவைக் காடியில் தூவி என்று மூன்று நிலைகளில், ஒவ்வொன்றும் ஐந்து முறை.

பழைய பிளைவுட் கதவு காய்ந்தபோது 0.45 கிலோ, நனைந்தபோது 1.6, நனைந்து குப்பையும் சேர்ந்தபோது 2.1 கிலோ கேட்டது. முதல் செர்வோவின் 14 செ.மீ. கைக்கு இந்த 2.1 கிலோ ஏறத்தாழ 29 கிலோ-செ.மீ. ஆகும். விவரத்தாள் சொன்னதைப்போல இரண்டரை மடங்கு.

பிறகு கதவையே மாற்றிப் பார்த்தார்கள். அதே அளவில் 2 மி.மீ. அலுமினியத் தகடு, எடை 450 கிராம். இருபுறமும் அலுமினிய 'ப' சேனல், பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி. சேனலின் அடிமுனையை மூடாமல் தரைக்குப்பைக்கு மேலே 2 செ.மீ. விட்டு நிறுத்தியதால் உள்ளே விழும் குப்பை தானே வெளியேறும். இதன் அளவுகள் 0.6, 0.65, 0.9 கிலோ. கதவு 120 கிராம் கூடியும் மோசமான நாளின் இழுவை பாதிக்குக் கீழே வந்துவிட்டது. 700 ரூபாய்த் தகடு செய்ததை எந்த மோட்டாராலும் செய்திருக்க முடியாது.

எந்த மோட்டார், ஏன்

அளவுக்குப் பின் தேவைகளை ஒரு தாளில் எழுதினார்கள்: 1 கிலோவுக்குக் குறைவான விசை, 30 செ.மீ. பயணம், நாளுக்கு இரண்டு முறை, வேகம் முக்கியமில்லை, இரு திசையிலும் பிடித்து நிற்க வேண்டும், மின்சாரம் போனால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், புரோகிராம் தொங்கினாலும் மோட்டார் எரியக் கூடாது. கடைசி மூன்றும் விசையைப் பற்றியவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பொழுதுபோக்குத் திட்டங்களில் மோட்டார் தேர்வு பெரும்பாலும் தோற்பது இந்த மூன்றில்தான்.

மஞ்சள் நிற பிளாஸ்டிக் கியர் உள்ள பி.ஓ. மோட்டாரும் 28பிஒய்ஜே-48 என்ற சிறு ஸ்டெப்பரும் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) பட்டியலில் வந்த வேகத்தில் போயின. முன்னது பொம்மைக்கார் சக்கரத்துக்கு, பின்னது ஏசி காற்றுத்தட்டு போன்ற லேசான வேலைக்கு.

நீமா 17 ஸ்டெப்பரை மாணவர் விரும்பினார். படிகளை எண்ணித் துல்லியமாக நிறுத்தலாம், இழுவையும் போதும். ஆனால் ஸ்டெப்பர் சும்மா பிடித்து நிற்பதற்கே முழு மின்சாரம் குடிக்கும், பேட்டரியில் ஓடும் இடத்துக்கு அது ஆகாது. மின்சாரத்தை நிறுத்தினால் பிடி போய்விடும். மரைத்தண்டு (திருகுபோல மரை வெட்டிய கம்பி) சேர்த்தால் பிடி தண்டிடம் வரும் என்றாலும் அங்கே ஒரு கண்ணி உண்டு. 3டி பிரிண்டருக்கென்று கடைகளில் அதிகம் கிடைக்கும் 8 மி.மீ. தண்டு ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. ஏறும், நான்கு மரைகள் ஒன்றாக ஓடும் வகை. சுமை வைத்தால் அது தானே பின்னோக்கிச் சுழலக்கூடும். பூட்டி நிற்பது ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. ஏறும் ஒற்றை மரை வகைதான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், கேட்டு வாங்க வேண்டும். இதற்கும் மேல், மின்சாரம் போய் வந்தால் ஸ்டெப்பருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியாது.

காயலான் கடை வைப்பர் மோட்டார் மலிவு, முரட்டு உழைப்பாளி, வார்ம் கியர் (திருகு ஒன்று பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு) என்பதால் பெரும்பாலும் தானே பூட்டி நிற்கும். மூன்று காரணங்களால் விட்டார்கள். பல வைப்பர் மோட்டார்களில் ஒரு கார்பன் பிரஷ் உடலோடு நேரடியாக இணைந்திருக்கும், எனவே திசையை மாற்றினால் உடலுக்கே 12 வோல்ட் வந்துவிடும். இரும்புக் கூட்டில் நேராகப் பொருத்தினால் ஷார்ட்தான். முடங்கினால் அது இழுக்கும் மின்சாரம் இருபது ஆம்பியரைத் தாண்டலாம், வயரும் ரிலேயும் (மின்காந்தத்தால் இழுபடும் சுவிட்ச்) ஃபியூஸும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். மூன்றாவது, சுழற்சியை நேர்கோட்டு அசைவாக மாற்ற மறுபடி கயிறோ கையோ தேவை. கார் பவர் விண்டோ மோட்டாருக்கும் இதே கடைசிக் காரணம்.

தேர்ந்தது 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் (தண்டை நேர்கோட்டில் நீட்டி உள்ளிழுக்கும் மோட்டார்), 300 மி.மீ. பயணம், 3,400 ரூபாய். உள்ளே மரைத்தண்டு இருப்பதால் மின்சாரம் இல்லாமலே இரு திசையிலும் பிடித்து நிற்கும். இரு முனையிலும் உள்ளேயே லிமிட் சுவிட்ச். தண்டு முனைக்கு வந்ததும் சுவிட்ச் மோட்டாரின் மின்சாரத்தையே வெட்டும், அதன் குறுக்கே உள்ள டையோடு எதிர்த் திசைக்கு மட்டும் வழி விடும். புரோகிராம் தொங்கி நின்றாலும், ரிலே ஒட்டிக்கொண்டாலும் மோட்டார் முனையில் நின்றுவிடும். 34ஆம் நாள் இரவுக்கு இதுதான் நேரான பதில்.

ஆக்சுவேட்டர் வாங்கும்போது பார்த்த எண்கள்: ஓடும்போது தள்ளும் விசையும் நிற்கும்போது தாங்கும் விசையும் வேறு வேறு, விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது சில சமயம் இரண்டாவது. ஓட்ட விகிதம் 25% என்றால் ஒரு பங்கு ஓடினால் மூன்று பங்கு ஓய்வு. மூடிய நிலை நீளம் பயணத்தைவிட ஏறத்தாழ 105 மி.மீ. கூடுதல், இங்கே 405 மி.மீ. கூரைக்கும் உயர்ந்த கதவுக்கும் நடுவே அது அடங்குமா என்று கடைக்குப் போகுமுன்பே டேப் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே உருவில் பல விசைகளில் கிடைக்கும், விசை கூடினால் வேகம் குறையும். அந்த நீளத்தில் கிடைத்ததிலேயே குறைந்த விசை கொண்ட 500 நியூட்டன் வகையை, வினாடிக்கு 12 மி.மீ. வேகத்தில், எடுத்தார்கள். தேவை 10 நியூட்டன்தான். இங்கே அதிகம் என்பது பாதுகாப்பு அல்ல. 500 நியூட்டன் என்பது ஐம்பது கிலோ எடை, நடுவே ஒரு கோழி நின்றால் நசுங்கிவிடும்.

பொருத்தும்போது

மோட்டார் மேலே, தண்டு கீழ்நோக்கி. தண்டு உள்ளே போனால் கதவு ஏறும். இந்த நிலையில் தண்டின் ரப்பர் சீல் மேல் தண்ணீர் தேங்காது. மேலே வளைத்த தகரத்தில் ஒரு மழைமூடி.

முதல் மூன்று நாளில் 3 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு முறை போனது. கதவு அடிச்சட்டத்தில் இடித்தபோது தண்டுக்கு இன்னும் 5 மி.மீ. பயணம் மீதி இருந்தது. அதாவது ஆக்சுவேட்டர் தன் சொந்த லிமிட் சுவிட்சை எட்டவே இல்லை, சட்டத்தைத் தள்ளிக்கொண்டு முடங்கியது. உள்ளே சுவிட்ச் இருக்கிறது என்று நம்பி வாங்குபவர்கள் அதிகம் விழும் பள்ளம் இது. தண்டு முழுப் பயணமும் போய் முடிக்க வெளியே இடம் இருந்தால்தான் அந்தச் சுவிட்சுக்குப் பொருள் உண்டு.

தீர்வாக, தண்டுக்கும் கதவுக்கும் நடுவே 20 மி.மீ. நீளத் துளை உள்ள பட்டை ஒன்றைப் போட்டு, துளைக்குள் தண்டின் ஊசியை ஒரு ஸ்பிரிங் மேல்நோக்கி அழுத்தும்படி வைத்தார்கள். ஸ்பிரிங் 20 மி.மீ. அமுங்க ஒன்றரைக் கிலோ வேண்டும். ஏற்றும்போது ஊசி துளையின் மேல்முனையைப் பிடித்துத் தூக்கும். இறக்கும்போது கதவு முதலில் இடித்தாலும் ஸ்பிரிங் 5 மி.மீ. அமுங்கித் தண்டு தன் முனையை எட்டும். நடுவில் கோழி நின்றால், கதவின் எடையோடு அந்த ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அழுத்தம் ஏற ஒன்றரை வினாடிக்கும் சற்று மேல் அவகாசம் கிடைக்கும். கூடவே ஒரு ஓட்டை: ஸ்பிரிங்கை அமுக்கி வெளியிலிருந்து கதவை 15 மி.மீ. தூக்கிவிடலாம். அதற்காகக் கதவின் அடிவிளிம்பு 30 மி.மீ. ஆழத்துக்கு ஒரு எல் வடிவச் சட்டத்தின் பின்னால் இறங்கும்படி செய்தார்கள். 15 மி.மீ. தூக்கினாலும் இடைவெளி திறக்காது.

அடுத்தது மின்னோட்டத்தைக் கவனிப்பது. ஐஎன்ஏ219 போர்டு ஒன்று மோட்டாரின் மின்னோட்டத்தை அளக்கும். சுமையில்லாமல் 0.5 ஆம்பியர், கதவோடு 0.6, முழுச் சுமையில் 2.8. வெட்டும் எல்லையை 0.75இல் வைத்தார்கள். கிளம்பும் கணத்தில் மோட்டார் பல மடங்கு இழுக்கும் என்பதால் முதல் 300 மில்லிவினாடி அளவைப் புறக்கணிக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பொய்யாக வெட்டும். எல்லையைத் தாண்டினால் நிறுத்தி, 10 செ.மீ. ஏற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி முயலும். மூன்று முறை தோற்றால் வீட்டில் மணி அடிக்கும். கதவுக்கடியில் எடை பார்க்கும் தராசை வைத்துச் சோதித்தபோது உச்சம் ஆறரைக் கிலோ. வளர்ந்த கோழிக்குப் பாதகமில்லை, குஞ்சுக்கு அதிகம். எனவே குஞ்சு உள்ள தாய்க்கோழிகளைத் தனிக்கூட்டில் அடைத்தார்கள். எல்லாவற்றையும் மோட்டாரிடம் விட வேண்டியதில்லை.

எல்298என்னுக்குப் பதில் இரண்டு ரிலே. ஒவ்வொரு ரிலேயின் பொதுமுனையும் மோட்டாரின் ஒரு வயருக்கு, சும்மா இருக்கும் முனை மைனஸுக்கு, இழுத்தபின் தொடும் முனை 12 வோல்ட்டுக்கு. இந்த இணைப்பில் எந்த ரிலே எப்படி இருந்தாலும் பேட்டரி ஷார்ட் ஆகாது. இரண்டும் சும்மா இருந்தாலும், இரண்டும் இழுத்தாலும் மோட்டார் நிற்கும். போர்டு எழும்போது ரிலேகள் ஒரு கணம் துடிப்பது இதனால் ஆபத்தில்லாமல் போனது. திசை மாற்றத்துக்கு நடுவே அரை வினாடி இடைவெளி. மின் இரைச்சலை அடக்க மோட்டார் முனைகளின் குறுக்கே 100 நானோஃபாரட் பீங்கான் கெப்பாசிட்டர். எந்தக் கட்டளைக்கும் 40 வினாடி வரம்பு. கடைசியாக ஒரு ரீட் சுவிட்சும் (காந்தம் அருகே வந்தால் இணையும் சுவிட்ச்) காந்தமும், தண்டில் அல்ல, கதவிலேயே. தண்டு இறங்கியது என்பதும் கதவு சாத்தியது என்பதும் ஒன்றல்ல.

நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரச் சிப்பும் மாதவாரியாக ஒரு சூரிய அஸ்தமன அட்டவணையும். ஒளியுணரியை வைக்கவில்லை, மேகமூட்டமும் டார்ச் வெளிச்சமும் அதை ஏமாற்றும். அப்பகுதியில் நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்பும், ஜூலையில் ஆறே முக்காலைத் தாண்டியும் சூரியன் மறைகிறது. அதற்கு அரை மணி கழித்துக் கதவு இறங்கும்.

பின் நடந்தது

ஏழு மாதம், ஏறத்தாழ 420 முறை ஓடியது. வடகிழக்குப் பருவமழை முழுவதும் இதில் அடக்கம். மோட்டார் சார்ந்த கோளாறு இல்லை, கோழி இழப்பும் இல்லை. மணி இரண்டு முறை அடித்தது. ஒருமுறை அடிச்சட்டத்தில் தேங்காய் மட்டைத் துண்டு சிக்கியிருந்தது. மற்றொருமுறை கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது, ஒட்டியிருந்த காந்தம்தான் கழன்று விழுந்திருந்தது.

ஆக்சுவேட்டர் சூடேறியது ஒரே ஒரு நாள். விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காகத் தொடர்ந்து பதினைந்து தடவை திறந்து மூடியிருக்கிறார்கள். 25% ஓட்ட விகிதம் என்பது அன்றுதான் எல்லோருக்கும் புரிந்தது. அதன்பின் இரண்டு அசைவுகளுக்கு நடுவே 90 வினாடிக் கட்டாய ஓய்வு புரோகிராமில் சேர்ந்தது.

பேட்டரிக் கணக்கில் ஒரு வியப்பு. ஆக்சுவேட்டர் நாளுக்கு 50 வினாடி, 0.6 ஆம்பியர்: 0.01 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. வைஃபையை எந்நேரமும் திறந்து வைத்திருந்த இஎஸ்பி32 போர்டு மட்டும் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி தின்றது. மோட்டாருக்குப் பயந்து வாங்கிய பேட்டரியைக் காலி செய்தது மூளைதான். கதவு அசையும் நேரம் தவிர மற்ற நேரம் போர்டைத் தூங்க வைத்தபின், பேட்டரியை நிரப்பும் சோலார் பலகையை 20 வாட்டிலிருந்து 10 வாட்டாகக் குறைக்க முடிந்தது.

மாற்ற வேண்டியவை

கொக்கித் தராசு முதல் நாளே வந்திருக்க வேண்டும். இரண்டு செர்வோ, ஒரு கியர் மோட்டார், ஒரு எல்298என், இரண்டு கோழி ஆகியவற்றுக்குப் பிறகு அல்ல.

ரீட் சுவிட்சின் காந்தத்தைப் பசையால் ஒட்டாமல் ரிவெட் அடிக்க வேண்டும். மூடும் நிலைக்கு ஒன்று இருப்பதுபோலத் திறந்த நிலைக்கும் ஒன்று வேண்டும். காலையில் கதவு பாதி ஏறி நின்றால் இப்போதைய அமைப்புக்குத் தெரியாது.

பேட்டரி செத்த அன்று கதவைத் திறக்க வழி இல்லாமல், ஸ்பேனர் தேடி அரை மணி நேரம் போனது. தானே பூட்டி நிற்கும் மோட்டாரின் மறுபக்கம் அது: மனிதர் கைக்கும் அசையாது. தண்டின் முனையில் போல்ட்டுக்குப் பதிலாக, வளையம் வைத்த ஊசி ஒன்றைச் செருகும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.